ஹெட்லைட் ஒட்டும் பியூட்டைல் கயிறு: எதை வாங்கலாம், எப்படிப் போடலாம்

ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று காரைக் கொண்டுபோனால், பல பட்டறைகளில் கையில் எடுப்பது சிலிகான் டியூப்தான். லென்ஸின் ஓரத்தில் வெளிப்பக்கமாக ஒரு சுற்று தடவி, விரலால் நீவிவிட்டு, "இனி ஒரு சொட்டு இறங்காது" என்று அனுப்பிவிடுவார்கள். இறங்காமல் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? ஹெட்லைட்டைப் பிரித்து, உள்ளே காயவைத்து, மறுபடி ஒட்டுவதற்கென்றே உள்ள பொருள் பியூட்டைல் ரப்பர் கயிறு, சூட்டில் இளகும் ஒட்டுப்பசை. ஆன்லைனில் சுருளாகவும் கட்டியாகவும் பல பெயர்களில் கிடைக்கிறது. வாங்கத் தகுந்ததுதான், ஆனால் எல்லாச் சுருளும் இல்லை, எல்லா ஹெட்லைட்டுக்கும் இல்லை.

முதலில், பிரிக்கவே தேவையில்லாத ஹெட்லைட்டுகளைத் தள்ளிவிடலாம். ஹெட்லைட் காற்று புகாத டப்பா இல்லை. பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அணைந்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். அந்தப் போக்குவரத்துக்காகப் பின்பக்கத்தில் வளைந்த ரப்பர் குழாயோ, நுரைத்துண்டு வைத்த மூடியோ, சின்ன வட்ட ஒட்டு போன்ற சவ்வோ இருக்கும். மழை நாளில் லென்ஸின் ஒரு மூலையில் மெல்லிய பனி படர்ந்து, விளக்கைப் போட்டு ஓட்டியதும் மறைந்தால் அது இயல்பு. கையை வைக்காதீர்கள். பெரிய துளிகள் வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கி பிரேக் போடும்போது ஆடினாலோதான் கசிவு.

கசிவிலும் ஒட்டுப்பசையைக் குறை சொல்லும் முன் பின்மூடியைப் பாருங்கள். ஹெச்4 வகை ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை எல்இடி போட்ட கார்களில் பாதிச் சிக்கல் அங்கேதான். எல்இடியின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க் உள்ளே அடங்காது என்று ரப்பர் மூடியை வெட்டியிருப்பார்கள், அல்லது மூடியையே தூக்கி எறிந்திருப்பார்கள். அதோடு ஹாலோஜன் பல்பின் சூடு முன்பக்கம் லென்ஸைக் காயவைக்கும். எல்இடியின் சூடோ பின்பக்கம் ஹீட்சிங்க் வழியாகப் போய்விடும். லென்ஸ் குளிர்ந்தே இருப்பதால் படர்ந்த பனி சீக்கிரம் கலையாது. புது மூடி, அடைபடாத காற்றுக்குழாய் இரண்டையும் போட்டுவிட்டுச் சில நாள் பாருங்கள். ஈரம் தானாக வற்றினால் பசை வாங்கும் செலவே மிச்சம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடும் வேலை வேண்டாம். வெளிக்காற்று வந்துபோகும் கூட்டில் அது சில நாளில் நிறைந்துவிடும், பிறகு பல்பு சூட்டில் கிடக்கும் குப்பைதான்.

அடுத்த கேள்வி, அந்த ஹெட்லைட் பிரியுமா? பின்பக்கத்திலிருந்து லென்ஸும் பின்கூடும் சேரும் காடியை, அதாவது பள்ளத்தை, பாருங்கள். சன்னமான ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அங்கே தெரியும் பசையை அழுத்துங்கள், முடிந்தால் வெயிலில் நின்ற வண்டியில். குழி விழுந்து, இழுத்தால் நூல் நூலாக வந்தால் பியூட்டைல், பிரிக்கலாம். அழுத்தியதும் ரப்பர் போலத் திரும்பி எழும்பினால் அது கெட்டிப்படும் வகை, பாலியூரித்தேன் அல்லது சிலிகான். சூட்டுக்கு இளகாது, கத்தியால் அறுத்தால்தான் வரும். காடியே தெரியாமல் இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றாக உருகியிருந்தால் வெல்டிங். பின்விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். போதாததற்கு அவற்றின் அக்ரிலிக் லென்ஸ் 100 டிகிரி செல்சியஸ் சுற்றியே இளகத் தொடங்கிவிடும். பின்விளக்கை ஓவனில் வைப்பவர் புது பின்விளக்குக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. உள்ளே எல்இடி போர்டும் கண்ட்ரோல் யூனிட்டும் வைத்த விலை உயர்ந்த ஹெட்லைட்டுகளையும் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

இனி பொருள். சந்தையில் மூன்று தினுசு.

முதலாவது, 3எம் நிறுவனத்தின் விண்டோ-வெல்ட் ரவுண்ட் ரிப்பன். உண்மையில் இது கார் கண்ணாடி பதிக்கும் வேலைக்கான பியூட்டைல் கயிறு. கால் அங்குலம், 5/16 அங்குலம், 3/8 அங்குலம் என்று மூன்று பருமனில், 15 அடிச் சுருளாக வரும். ஹெட்லைட் காடிக்குப் பெரும்பாலும் 3/8, அதாவது 9.5 மில்லிமீட்டர்தான் சரி. பருமன் சுருள் முழுக்க ஒரே சீராக இருப்பது இதன் பெரிய பலம். சுற்றிய கயிற்றின் நடுவே ஒட்டாத தாள் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. குறை என்றால், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது, இறக்குமதி விலை கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ரெட்ரோஃபிட் வேலைக்கென்றே, அதாவது ஹெட்லைட்டைப் பிரித்து உள்பாகங்களை மாற்றுவதற்கென்றே, விற்கும் மோரிமோட்டோ ரெட்ரோ-ரப்பரும் இதே ரகத்துப் பொருள்தான்.

இரண்டாவது, சாம்பல் நிறக் கட்டியாக வரும் ஹாட் மெல்ட், அதாவது சூட்டில் இளக்கிப் போடும் பசை. ஜப்பானிய விளக்கு நிறுவனங்களின் பெயரைச் சொல்லி விற்பார்கள். ஹெட்லைட்டுக்குள் புரொஜெக்டர் லென்ஸ் மாற்றித்தரும் கடைகளில் அதிகம் புழங்குவது இதுதான். ஒட்டும் வலு பிரமாதம். ஆனால் கட்டியை ஹீட் கன்னால் இளக்கி, கையுறை போட்டுப் பிசைந்து, நீங்களே கயிறாகத் திரிக்க வேண்டும். திரிப்பதில் ஓரிடம் மெலிந்தால் அந்த இடத்தில்தான் அடுத்த கசிவு. கை பழகியவர்களுக்கு முதல் தேர்வு. முதல் தடவை செய்பவருக்கு இல்லை.

மூன்றாவது, பெயர் இல்லாத கறுப்புச் சுருள். ஆன்லைனில் "ஹெட்லைட் சீலன்ட்" என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க இதுதான். சிலது அருமையாக இருக்கும், சிலது தார். படத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால் வந்ததும் இரண்டு சோதனை. பத்து சென்டிமீட்டர் துண்டை ஒரு பிளாஸ்டிக் மூடியில் அழுத்தி ஒட்டி, செங்குத்தாக நிறுத்தி, 90 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். நல்ல பியூட்டைல் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். மட்டமானது கண்ணீர் போல வழிந்து அடியில் சேர்ந்துவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் காரில் லென்ஸ் ஓரமாகக் கறுப்பு நூல் தொங்குவது இதனால்தான். இன்னொரு துண்டை வெள்ளைத் தாளில் வைத்து ஒரு நாள் வெயிலில் விடுங்கள். சுற்றிலும் எண்ணெய் வட்டம் பரவியிருந்தால் அந்தச் சுருளை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் ஹெட்லைட்டுக்குள் ஆவியாகிப் படிந்தால் மறுபடியும் மங்கல், அதுவும் உள்பக்கம்.

அளவு: காடியை ஒரு சணல் நூலால் அளந்து பாருங்கள். ஹேட்ச்பேக் ஹெட்லைட் ஒன்றுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். 15 அடிச் சுருள் என்பது நாலரை மீட்டர், ஒரு ஜோடிக்குப் போதும். பெரிய எஸ்யூவி ஹெட்லைட் என்றால் இரண்டு சுருள்.

சிலிகானை ஏன் இவ்வளவு வெறுக்க வேண்டும் என்று கேட்கலாம். வினிகர் போலப் புளித்த வாடை வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். மூடிய கூட்டுக்குள் அது ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சையும் இணைப்புக் கம்பிகளையும் அரிக்கும். புளித்த வாடை வராத நியூட்ரல் க்யூர் வகையில் அந்த அமிலம் இல்லை. ஆனால் அடுத்த முறை பிரிக்கும்போது காடியிலிருந்து சுரண்டி எடுக்க ஒரு நாள் போகும், சிலிகான் பட்ட பிளாஸ்டிக்கில் அதன்பின் பியூட்டைலும் ஒழுங்காகப் பிடிக்காது. கண்ணாடிக்குப் போடும் பாலியூரித்தேன் நன்றாகவே ஒட்டும், நிரந்தரமாக ஒட்டும். பிரியாது என்று தெரிந்தே போடுங்கள். லென்ஸைப் பூட்டும் காதுகள் உடைந்தால் அவற்றைச் சேர்க்கச் சட்டென்று ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை மூடிய ஹெட்லைட் அருகே பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி லென்ஸின் உள்பக்கம் வெள்ளைப் பூச்சாகப் படியும்.

பிரிக்கும் வேலை

ஹெட்லைட்டைக் கழற்றும் முன்பே வண்டியைச் சமதளத்தில், சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு விழும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். டயர் நின்ற இடத்துக்கும் அடையாளம் போடுங்கள். பெரும்பாலான கார்களில் பம்பரை இறக்கினால்தான் ஹெட்லைட் வெளியே வரும். பல்பு, பின்மூடி, உயரம் மாற்றும் மோட்டார், வெளியே தெரியும் ரப்பர் எல்லாம் கழற்ற வேண்டும். சுற்றிலும் உள்ள உலோகக் கிளிப்பும் சின்ன ஸ்க்ரூவும் விட்டுப்போகக் கூடாது. நெம்பும்போது உடைகிற கூடுகளில் பலவும் கண்ணில் படாத ஒரு ஸ்க்ரூவால் உடைந்தவைதான்.

சூடு 95 முதல் 105 டிகிரிக்குள், எட்டிலிருந்து பத்து நிமிடம். பாலிகார்பனேட் லென்ஸ் இளக 147 டிகிரி வேண்டும், பாலிப்ரொப்பைலீன் கூடு உருக 160 வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே கூடு தன் எடையிலேயே வளையத் தொடங்கும், லென்ஸின் மேல்பூச்சு வெடிக்கும். அதனால் ஹெட்லைட்டை மரப்பலகை மேல், லென்ஸ் மேலே பார்க்க வையுங்கள். ஓவனின் இரும்புக் கம்பியோ ஹீட்டரோ எங்கும் உரசக் கூடாது. ஓவன் டயலை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். சமையல் ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். அந்த வாடை கேக்கில் தெரியும்.

நடைமுறைச் சிக்கல், வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) இன்றைய ஹெட்லைட் அடங்காது. பவுடர் கோட்டிங் பட்டறை ஓவனில் இடமிருக்கும், ஆனால் அது 180, 200 டிகிரியில் ஓடுவது. வெப்பத்தை இறக்கித் தருவதாக உறுதி சொன்னால் மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு அட்டைப்பெட்டி முறை. ஹெட்லைட்டைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள், கீழ் மூலையில் ஹீட் கன் மூக்கு நுழைய ஓட்டை, மேலே தெர்மாமீட்டர். காற்று நேராக ஹெட்லைட்டில் படாமல் பக்கவாட்டில் சுழல வேண்டும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். அட்டை தீப்பிடிக்கும் பொருள்.

ஹீட் கன்னைக் கையில் பிடித்தே காடியைச் சூடாக்குவதும் உண்டு. 250 டிகிரியில், ஒரு சாண் தள்ளி, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே, கூட்டின் பின்பக்கத்திலிருந்து. லென்ஸ் பக்கம் காட்டினால் பிளாஸ்டிக்குக்குள் குமிழ் வந்துவிடும். அதை எந்தப் பாலிஷும் எடுக்காது.

ஒரு மூலையில் தொடங்குங்கள். கூட்டின் பூட்டுக் காதை ஸ்க்ரூ டிரைவரால் விலக்கி, அகலமான பிளாஸ்டிக் நெம்பியைக் காடிக்குள் விட்டு, இரண்டு மில்லிமீட்டர் எழும்பியதும் அடுத்த காதுக்குப் போக வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி நெம்பினால் காடிக்குள் இறங்கும் லென்ஸ் விளிம்பு சிம்பு சிம்பாகப் போகும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிவிட்டால் பசை இறுகிவிட்டது என்று பொருள். மறுபடி ஓவனுக்குள் வையுங்கள், மல்லுக்கு நிற்காதீர்கள். லென்ஸ் தூக்கும்போது நீளும் பசை நூல்களைக் கத்தரியால் வெட்டுங்கள். ரிஃப்ளெக்டர் மேல் ஒரு நூல் விழுந்தால் அதைத் துடைக்கும் முயற்சியில் போவது ரிஃப்ளெக்டர்தான்.

உள்ளே சுத்தம்

ரிஃப்ளெக்டரைத் துணியால் தொடாதீர்கள். அதன் பளபளப்பு சுமார் 0.1 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியப் படலம். மைக்ரோஃபைபர்கூடக் கீறும், விரல் ரேகை நிரந்தரமாகத் தங்கும். தூசிக்கு ரப்பர் பல்பு ஊதி போதும். சேறு படிந்திருந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு கலந்து ஊற்றி, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் பொட்டு நிற்கும். பூச்சு ஏற்கெனவே உரிந்து கறுத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. ஹெட்லைட்டையே மாற்றுவதுதான் வழி. குரோம் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கப் பளபளக்கும், ரோட்டில் வெளிச்சம் விழாது.

லென்ஸின் உள்பக்கம் அதே சோப்புத் தண்ணீர், மென்மையான துணி. பெட்ரோல், தின்னர், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் எதுவும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். சில லென்ஸ்களின் உள்பக்கம் பனி படராமலிருக்கப் பூச்சு இருக்கும், தேய்த்தால் அது திட்டுத்திட்டாகப் போகும். அப்படி ஒரு லென்ஸில் வெறும் அலசலோடு நிறுத்திக்கொள்வதே மேல். வாட்டர் பேப்பர் உள்பக்கம் கூடவே கூடாது.

பழைய பசையை அப்படியே விட்டு, மேலே புதுக்கயிறு போடுபவர்கள் அதிகம். பழசு சுத்தமான பியூட்டைலாக, மண் படாமல் இருந்தால் அது பலிக்கும். தண்ணீர் புகுந்த ஹெட்லைட்டில் அப்படி இருக்காது. சூடாக இருக்கும்போது காடியிலிருந்து பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். மிச்சத்தை அதே பசை உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். அதுவே சிறந்த அழிப்பான். கடைசியாகக் காடியை மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை.

மூடுவது

ஈரக்காற்றைச் சேர்த்து மூடினால் முதல் நாளே பனி படரும். கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், ஏசி அறையில் மூடுவது நல்லது. மூடும் முன் கூட்டையும் லென்ஸையும் தனித்தனியாக 60 டிகிரியில் அரை மணி காயவையுங்கள்.

கயிற்றை இழுக்காமல் காடியில் படுக்கவைக்க வேண்டும். இழுத்துப் போட்ட பியூட்டைல் சூடானதும் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விடும். இரண்டு முனைகளையும் சரிவாக வெட்டி, மூன்று சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அழுத்துங்கள். இணைப்பு மூலையில் வராமல் நேரான பகுதியில் வரட்டும். தாளை உரிக்கும்போது காடியின் மேல்விளிம்புக்குக் கயிறு ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றால் அளவு சரி. அதற்கு மேல் நின்றால் உள்பக்கம் பிதுங்கி வெளியிலிருந்தே தெரியும்.

லென்ஸை வைத்து, மறுபடி 100 டிகிரியில் எட்டு நிமிடம். வெளியே எடுத்ததும் காதுகள் ஒவ்வொன்றாக "டக்" என்று விழும்வரை எதிரெதிர்ப் பக்கமாக அழுத்தி, உடனே ஸ்க்ரூ போடுங்கள். இரண்டாம் முறை ஐந்து நிமிடம் சூடாக்கி மறுபடி அழுத்தினால்தான் பசை காடியின் அடிவரை இறங்கும். இதைத் தவிர்ப்பவர்களிடம்தான் "நல்ல பசை போட்டும் கசியுது" என்ற புகார் வருகிறது. காதுகள் உடைந்திருந்தால் ஆறும்வரை ஸ்ப்ரிங் கிளாம்ப்.

ஆறியபின் சோதனை. பல்பு ஓட்டைகளை மூடி, ஒரே ஒரு காற்றுத்துளையில் குழாய் செருகி வாயால் ஊதுங்கள். காடியைச் சுற்றிச் சோப்பு நுரை பூசிக் குமிழ் பாருங்கள். கம்ப்ரஸர் பிடிக்க வேண்டாம், அந்த அழுத்தத்தில் இப்போது ஒட்டிய லென்ஸே எழும்பிவிடும். குமிழ் வந்த இடத்தை மட்டும் சூடாக்கி அழுத்தினால் போதும்.

லென்ஸின் வெளிப்பக்க மஞ்சள் வேறு நோய். அது வெயிலின் யூவி கதிர் மேல்பூச்சைத் தின்றதால் வருவது, அதற்கு ஹெட்லைட்டைப் பிரிக்கவே வேண்டாம். லென்ஸைத் தேய்த்துத் தெளியவைக்கும் 3எம் 39008 கிட்டில் 500, 800 நம்பர் தேய்ப்பு வட்டுகள், மிக நைசான 3000 டிரைசாக்ட் வட்டு, பாலிஷ் செய்யும் காம்பவுண்ட் எல்லாம் உண்டு. டிரில்லில் மாட்டி வேலை செய்யலாம், வெளிச்சம் நன்றாகவே திரும்பும். ஆனால் தேய்க்கும்போது பழைய பூச்சு முழுக்கப் போய்விடுகிறது, அதற்கு மாற்றாக யூவி பூச்சு எதுவும் அந்தக் கிட்டில் இல்லை. மேலே டூ-கே கிளியர் கோட், அதாவது இரண்டு திரவம் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு, அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். டூ-கேயில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு, சாதாரணத் துணி மாஸ்க் அதற்குப் போதாது. பெயின்ட் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடலாம். டூத்பேஸ்ட் வைத்தியம் போட்டோ எடுக்கும்வரை தாங்கும்.

மாட்டியதும் வண்டியைப் பழைய அடையாளத்தில் நிறுத்தி, சுவரிலுள்ள டேப்புக்கு லோ பீமைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். டேப் ஒட்ட மறந்திருந்தால், பத்து மீட்டர் தூரத்துச் சுவரில் பீமின் மேல்விளிம்பு விளக்கின் மைய உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழுமாறு வைக்கலாம். முதல் ஒரு வாரம் பிரஷர் வாஷில் ஓரத்தைக் குறிவைத்து அடிக்க விடாதீர்கள், ஓட்டிவந்த சூட்டோடு கழுவவும் விடாதீர்கள். பிறகு ஸ்க்ரூக்களை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். பியூட்டைல் அமர்ந்ததில் கால் திருகு தளர்ந்திருக்கும்.